பதினெட்டுப் பாட்டும் ஒரு கதவும்

பாட்டுக் கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பாட்டுக் கேட்டுக்கொண்டே வேலையைப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். இவர்களால் யாருக்கும் தொந்தரவு இல்லை. இன்று உங்களுக்கு நான் அறிமுகம் செய்யப்போவது வேறொரு பிறவி. இவர் பாட்டுக் கேட்பதில்லை, பாட்டை விசாரிக்கிறார். பாடியவரைக் கூண்டில் ஏற்றி, தாளத்தைச் சாட்சிக்கு அழைத்து, வரிகளைக் குறுக்கு விசாரணை செய்து, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தீர்ப்புச் சொல்கிறார். அந்தத் தீர்ப்பு எல்லா வழக்குக்கும் ஒன்றுதான்.

"முதல் ஆல்பம் மாதிரி வரலை."

உங்களுக்கும் ஒருவரைத் தெரிந்திருக்கும். தெரியாமல் இருக்க முடியாது, அவர் விடமாட்டார். புதிதாக வந்த பாட்டு ஒன்று பிடித்திருக்கிறது என்று அவரிடம் வாய்தவறிச் சொல்லிப் பாருங்கள். உடனே பதில் வராது. வெறும் வயிற்றோடு வரச்சொன்ன ரத்தப் பரிசோதனைக்குச் சாப்பிட்டுவிட்டு வந்தவரைப் பார்ப்பதுபோல் உங்களைப் பார்ப்பார். பிறகு, "எத்தனை தடவை கேட்டே?" என்பார். ஒரு தடவை என்றால், ஒரு தடவை கேட்டுவிட்டுப் பேசக்கூடாது. பத்துத் தடவை என்றால், காது பழகிப்போய்விட்டது, அதனால்தான் பிடிக்கிறது. ஐந்து தடவை என்று நடுவில் நின்று பார்த்தேன். "இன்னும் ஒரு முடிவுக்கு வரலைன்னு சொல்லு" என்றார். இவரிடம் யார் ஜெயிக்க முடியும்?

நான் சொல்வது எங்கள் கட்டடத்தில் கீழ் வீட்டில் இருப்பவரை. மூக்குக்கண்ணாடிக் கடையில் பின்னறையில் உட்கார்ந்து, கண்ணாடிச் சில்லை விளிம்பு தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அவர் வேலை. வேலையில் கெட்டிக்காரர், ஒரு நூல் பிசகாது. எதையும் நிறுத்துப் பார்க்காமல் விடமாட்டார் என்பதால் நண்பர்கள் வைத்த பெயர் தராசு. அந்தப் பெயரில் அவருக்கு வருத்தம் இல்லை. பட்டம் கொடுத்தார்கள் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். அவருடைய மனைவி பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் இருக்கிறார், வலியோடு வருகிறவர்களிடம் நாள் முழுக்க அன்பாகப் பேசுகிற உத்தியோகம். நான் மேல் வீடு. அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறேன். மற்றவர்கள் எழுதியதில் பிழை கண்டுபிடித்தே எனக்கு வயதாகிவிட்டது.

தராசு கட்டிக்காக்கும் பாடகருக்கு ஒத்தமூச்சு என்று பெயர். ராப் பாடுகிறவர். ஆரம்பத்தில் ஒரு முழுப் பாட்டையும் ஒரே மூச்சில், நடுவே மூச்சு வாங்காமல், கொட்டித் தீர்ப்பார், அதனால் வந்த பெயர். ஒத்தமூச்சு ஒரு பழைய சாமான் கிடங்கில் பாடிய காலத்திலேயே, பதினேழு பேர் கூட்டத்தில் ஒருவராகத் தாம் நின்று கேட்டதாகத் தராசு சொல்வார். சில வருடம் கழித்து அந்தப் பதினேழு பதினொன்றாயிற்று. கடைசியாக நான் விசாரித்தபோது மூன்று பேர்தான் இருந்திருக்கிறார்கள். அதில் ஒருவர் மின்விசிறி பழுது பார்க்க வந்தவராம்.

நான்கு வருட மௌனத்துக்குப் பிறகு ஒத்தமூச்சின் புது ஆல்பம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தது. பதினெட்டுப் பாட்டு. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அது ஏற்ற இறக்கமான சரக்குதான். ஐந்து பாட்டு உண்மையிலேயே உலுக்கி எடுத்தது. ஆறேழு பாட்டு வந்தது தெரியாமல் போயிற்று. ஒன்றில் தம் கைக்கடிகாரத்தைப் பற்றியே நாற்பத்திரண்டு வரி பாடியிருந்தார், மணி என்ன என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. இன்னொன்றில் தம்மைப் பிடிக்காதவர்களின் பட்டியலை வாசித்திருந்தார். இவரை இத்தனை பேருக்குப் பிடிக்கவில்லையா என்று எனக்கே பாவமாக இருந்தது.

ஆனால் தராசு கேட்கும் முறையே தனி. கடையில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டார். வீட்டில் கதவு சன்னலைச் சாத்தி, குக்கரை இறக்கச் சொல்லி, காலிங் பெல்லின் கம்பியைக் கழற்றி, பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மடியில் கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டார். முக்கியமான சடங்கு அதற்குப் பிறகு. செல்போனில் பாட்டைத் தொடங்கிவிட்டு, அதைக் கவிழ்த்து வைத்து, மேலே கண்ணாடி துடைக்கிற கறுப்புத் துணியால் மூடிவிடுவார். பாட்டின் பெயரைப் பார்த்தால் காது அந்தப் பெயருக்குச் சாய்ந்துவிடுமாம். நீதிபதி வாதியின் முகத்தைப் பார்க்கக்கூடாதாம். ஆகவே பாட்டுகளுக்கு அவரிடம் பெயர் கிடையாது, எண்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று வந்த வரிசையில் குறிப்பு எழுதுவார். பெயர் சொல்லிப் பேசுவதெல்லாம் நேற்று வந்தவர்களின் பழக்கம் என்பது அவர் கட்சி.

எட்டு மணிக்குள் தீர்ப்பு வந்துவிட்டது. தராசு நடத்தும் ஒத்தமூச்சு ரசிகர் குழுவில் அறுபது பேர் இருக்கிறோம். அத்தனை பேரும் கருத்து எதுவும் வைத்துக்கொள்ளாமல், சமையல் முடியட்டும் என்று இலையோடு உட்கார்ந்திருப்பதுபோல், காத்திருந்தோம். வந்தது.

"பதினெட்டில் ஐந்து தேறும். பதினோராம் பாட்டு சுத்தக் குப்பை. இவன் பழைய ஒத்தமூச்சு இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதல் பாட்டின் முடிவிலேயே ஒரு கதவைச் சாத்துகிறான், கவனித்தீர்களா? படாரென்று இல்லை, மெதுவாக. மீதிப் பதினேழு பாட்டும் சாத்திய அந்தக் கதவுக்குள்ளேதான் நடக்கிறது. முதல் ஆல்பத்துக்குப் பிறகு அவன் செய்த ஒரே துணிச்சல் இந்தக் கதவு."

அவ்வளவுதான். குழு பற்றிக்கொண்டது. கதவுச் சத்தம் கேட்டதும் பேருந்தை ஓரம் கட்டிவிட்டதாகக் குழுவில் உள்ள பேருந்து ஓட்டுநர் ஒருவர் எழுதினார். அந்தக் கதவு தம் அப்பாவின் அறைக் கதவை ஞாபகப்படுத்துவதாகக் காப்பீட்டு அலுவலகத்துக்காரர் எழுதி, மூன்று பேரை அழவைத்தார். கதவு சாத்தும் ஓசையிலேயே பாதி ஆல்பம் முடிந்துவிட்டது என்றார் உடற்பயிற்சிக் கூடத்துப் பயிற்சியாளர். ஏழாம் பாட்டைப் பற்றி மட்டும் பத்து நாள் சண்டை நடந்தது. ஏழு உயிரை உருக்குகிறது என்று ஒருவர், ஏழாவதைக் கேட்டால் காது கூசுகிறது என்று இன்னொருவர், ஏழில் பெண் குரல் வரும் இடம்தான் உச்சம் என்று மூன்றாமவர், ஏழில் பெண் குரலே இல்லையே என்று நான்காமவர். பேச்சு முற்றி இரண்டு பேர் குழுவை விட்டே போய், மறுநாள் திரும்பி வந்தார்கள்.

நானும் முதல் பாட்டைக் கேட்டேன். கதவு இல்லை. மறுபடி கேட்டேன். அப்போதும் இல்லை. புதிதாக இயர்போன் வாங்கிக் கேட்டேன். இயர்போன் மேல் சந்தேகப்பட்டேன், என் காதின் மேல் சந்தேகப்பட்டேன், தராசின் மேல் சந்தேகப்பட எனக்குத் தோன்றவில்லை. குழுவில் என்ன எழுதினேன் என்று கேட்கிறீர்களா? "அந்தக் கதவு. சொல்ல வார்த்தை இல்லை" என்று எழுதினேன். வார்த்தை இல்லை என்பது மட்டும் உண்மை.

இப்படியாகத் தராசின் புகழ் பரவி, நூலகத்து மாடி அறையில் ஞாயிறு மாலை அவர் பேசுவதாக ஏற்பாடாயிற்று. தலைப்பு: 'சாத்திய கதவும் திறந்த காயமும்'. இருபது வருடமாகக் கடைப் பின்னறையில் உட்கார்ந்து, வாடிக்கையாளர் முகத்தையே பார்க்காமல் கண்ணாடி தேய்த்தவர். அவர் பேசுவதைக் கேட்க முதல் முறையாக நாற்காலி போடுகிறார்கள். அந்த வாரம் முழுக்க அவர் நடையே வேறு மாதிரி இருந்தது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு என்னைக் கீழே கூப்பிட்டார். "பேச்சை எழுதிட்டேன் சார். பிழை இருக்கான்னு ஒரு பார்வை பார்த்துடுங்க." அவருடைய மனைவி மேஜையில் அவர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். தராசு கையை ஆட்டி ஆட்டி வாசிக்க ஆரம்பித்தார். கதவு முடிந்தது. தேறிய ஐந்து முடிந்தது. குப்பைக்கு வந்தார்.

"பதினோராம் பாட்டில் கைக்கடிகாரத்தின் பெருமையைப் பாட நாற்பத்திரண்டு வரிகளை வீணடிக்கும் இந்தக் கலைஞன்..."

இஸ்திரிப் பெட்டி நின்றது.

"என்னங்க, பதினொண்ணுல கடிகாரம் எங்க வருது?"

"ஏன், முழுக்க அதானே வருது."

"இல்லைங்க. கடிகாரம் அஞ்சாவது பாட்டு. பதினொண்ணு அவர் நடுவுல நிறுத்தி மூச்சு விடுவாரே, அந்தப் பாட்டு."

தராசு சிரித்தார். என்னைப் பார்த்துக் கண்ணடிக்கவும் செய்தார். "இவ எப்ப சார் கேட்டா?"

"பஸ்ல. போக அம்பது நிமிஷம், வர அம்பது நிமிஷம். வரிசையா அஞ்சு தடவை கேட்டாச்சு." பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தார். "அந்தக் கதவுகூட முதல் பாட்டுல இல்லைங்க. கடைசிப் பாட்டுல, கடைசியில வருது. எல்லாத்தையும் சொல்லி முடிச்சுட்டு, அப்புறம்தான் சாத்துறார்."

தராசு செல்போனில் அந்த ஆல்பத்தை ஓடவிட்டு, கறுப்புத் துணி போடாமல் திரையைப் பார்த்தார். அவர் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பாட்டின் முகத்தைப் பார்க்கிறார். ஓரத்தில் இரண்டு அம்புக்குறிகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு, பச்சையாக எரிந்துகொண்டிருந்தன. ஷஃபிள். கடையில் வேலை செய்யும்போது பழைய பாட்டுகளை மாற்றி மாற்றிக் கேட்பதற்காக எப்போதோ தாமே அழுத்தி வைத்தது. பதினெட்டுப் பாட்டும் சீட்டுக்கட்டாகக் கலைந்து வந்திருக்கிறது. அந்த வரிசையில்தான் இந்த மனிதர் கதவையும் காயத்தையும் கண்டுபிடித்திருக்கிறார்.

உண்மையைச் சொன்னால், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் முகம் அப்படி இருந்தது.

"அப்ப நீங்க குப்பைன்னு எழுதினது கடிகாரப் பாட்டையா?" என்றார் அவர் மனைவி மெல்ல. "பதினொண்ணுன்னு படிச்சதும் நான் என் பாட்டைத்தான் சொல்றீங்கன்னு நினைச்சு, பாடறதையே நிறுத்திட்டேன். பத்து நாள் ஆச்சு."

"நீ பாடிட்டா இருந்தே?"

கேட்டிருக்கக் கூடாத கேள்வி. பாத்திரம் கழுவும்போது அவர் பாடுவது மேல் வீட்டில் இருக்கிற எனக்கே கேட்கும்.

மனைவி நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். நான்கு என்று எண் போட்ட பக்கத்தில் நிறுத்தினார். நானும் எட்டிப் பார்த்தேன், தொழில் புத்தி. "நடுவில் நிறுத்தி மூச்சு விடுகிறான். நன்றாக இருக்கிறது. எனக்கே மூச்சு வந்தது போல இருக்கிறது" என்று எழுதி, அதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே "சரிவு" என்று எழுதியிருந்தது. கோடு அழுத்தமாக இல்லை. படிக்க முடிந்தது.

"பிடிச்சிருந்துதா?" என்றார்.

"ஒத்தமூச்சு மூச்சு விடறது நல்லாருக்குன்னு நான் எழுத முடியுமா? என்னை என்னன்னு நினைப்பாங்க?"

"சாயங்காலம் சொல்லிடுங்க. மாத்திக் கேட்டுட்டேன், மன்னிச்சுக்கங்கன்னு. ஒரு நிமிஷ வேலை."

"அறுபது பேரும் வர்றாங்க."

"அவங்க யாரும் பத்து நாளா, முதல் பாட்டுல கதவு இல்லையேன்னு கேக்கலையே. அதை யோசிச்சீங்களா?"

தராசு யோசித்தார். நான் சுவரைப் பார்த்தேன். கடைசியில் பேச்சுக் காகிதங்களை நான்காக மடித்து மேஜை மேல் வைத்தார். "சரி. சொல்லிடறேன்" என்றார். மனைவி சூடான சட்டையைக் கையில் கொடுத்தார். நான் பிழை எதுவும் திருத்தாமல் மாடி ஏறினேன்.

மாலை ஐந்து மணி. மாடி அறை நிரம்பிவிட்டது. மைக் செட்காரர் மூலையில் உட்கார்ந்து கம்பிகளை முறுக்கிக்கொண்டிருந்தார். முதலில் முதல் பாட்டைப் போடுவது, பிறகு தராசு பேசுவது என்று ஏற்பாடு. அவர் மனைவி மூன்றாம் வரிசையில். நான் அவருக்குப் பின்னால். தராசு மேடையில் வெறும் கையோடு நின்றார், காகிதம் கொண்டுவரவில்லை. சொல்லத்தான் போகிறார் என்று நான் நிம்மதியடைந்தேன்.

பாட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கியது. மூன்றரை நிமிடம். அறுபது பேரும் கண்ணை மூடிக் கதவுக்காகக் காத்திருந்தோம். ஓட்டுநர் கைக்குட்டையை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டார். பாட்டு முடிந்தது. நிசப்தம். இன்னும் கொஞ்சம் நிசப்தம்.

"கதவு எங்க?" என்றார் காப்பீட்டு அலுவலகத்துக்காரர்.

தராசு மனைவியைப் பார்த்தார். அவர் லேசாகத் தலையசைத்தார், சொல்லுங்கள் என்று. தராசு வாயைத் திறந்தார். பிறகு எங்கள் அறுபது முகங்களையும் ஒருமுறை பார்த்தார். ஒரு மனிதன் தடுக்கி விழுவதை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

"எடுத்துட்டாங்க" என்றார்.

என்ன நடந்தது என்று சொல்லவும் வேண்டுமா? கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. ஆல்பத்தை வெளியிட்ட கம்பெனிக்காரர்களின் வேலை இது என்றார் பயிற்சியாளர். நேற்றுவரை இருந்தது, இன்று காலைகூடக் கேட்டேன் என்று சத்தியம் செய்தார் ஓட்டுநர். ஒரு கலைஞனின் கதவைப் பிடுங்க இவர்கள் யார் என்று பின் வரிசையில் ஒரு குரல் உடைந்தது. உடனே கண்டனம் எழுதியாக வேண்டும். அறைக்குள் சிக்னல் சரியில்லை. அறுபது பேரும் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினோம். தராசையும் தோளில் கை போட்டு இழுத்துக்கொண்டு போனார்கள்.

ஓடினோம் என்று எழுதியிருக்கிறேன். ஆமாம், நானும்தான். காலையில் அந்தப் பச்சை அம்புகளை என் கண்ணால் பார்த்தவன், ஆறாம் படியில் நின்றுகொண்டு, "எங்கள் கதவைத் திருப்பிக் கொடு" என்று பிழையில்லாமல் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அறுபது பேர் சேர்ந்து கோபப்படும்போது தனியாக ஒருவன் உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வான்?

பிறகு உள்ளே நடந்ததை மைக் செட்காரர்தான் சொன்னார். முதல் பாட்டோடு நிறுத்தியிருந்ததை நாங்கள் ஓடிய பிறகு அவர் மறுபடி ஓடவிட, நிறுத்தச் சொல்ல ஆளில்லாததால் அது ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. காலி நாற்காலிகளுக்கு நடுவே தராசின் மனைவி மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பதினோராம் பாட்டு வந்தபோது கூடவே பாடினார், யாரும் இல்லை என்பதால் கொஞ்சம் சத்தமாகவே. "அந்தம்மா பாடறதைக் கேட்டப்புறம்தான், பாட்டு நல்லாருக்குன்னு எனக்கே தெரிஞ்சுது சார்" என்றார். பதினெட்டாம் பாட்டு முடியப்போகும் நேரத்தில் தராசு, மேடை ஏறுமுன் கழற்றி வைத்த செருப்பை எடுக்க உள்ளே வந்திருக்கிறார். வாசலிலேயே நின்றுவிட்டார். மெதுவாக, மிக மெதுவாக, ஒரு கதவு சாத்திக்கொண்டது.

"கேட்டுதா?" என்றார் அவர் மனைவி.

"கேட்டுது" என்றார் தராசு. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். சத்தம் நின்ற பிறகும் இருவரும் எழுந்திருக்கவில்லையாம்.

இத்தோடு மனிதர் திருந்திவிட்டார் என்று முடித்தால் உங்களுக்கும் திருப்தி, எனக்கும் வேலை மிச்சம். ஆனால் மறுநாள் காலை உண்மையைச் சொல்லிவிடும் நோக்கத்தோடுதான் அவர் குழுவில் எழுதினார். அதற்கு நானே சாட்சி. "கதவு பதினெட்டாம் பாட்டின் முடிவில் இருக்கிறது. நேற்று நானே கேட்டேன்" என்று எழுதி, அடுத்து மன்னிப்பைத் தட்டி முடிப்பதற்குள் கரவொலிப் படங்கள் குவிந்துவிட்டன. கம்பெனி பணிந்துவிட்டது. நம் போராட்டம் ஜெயித்துவிட்டது. கடைசியில் கொண்டுபோய் ஒளித்து வைத்திருக்கிறார்கள், கோழைகள், ஆனாலும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தராசு வாழ்க. "முதல்ல இருந்த இடத்துல இருந்த மாதிரி வரலை" என்று மட்டும் ஓட்டுநர் குறைப்பட்டுக்கொண்டார். தராசு மன்னிப்பை அழித்துவிட்டார். இனி அதை யாரிடம் கேட்பது?

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. இப்போதெல்லாம் கீழ் வீட்டில் பாத்திரம் கழுவும் நேரத்தில் பதினோராம் பாட்டு கேட்கிறது. மூச்சு விடுகிற இடம் வரும்போது இரண்டு பேர் விடுகிற மூச்சு கேட்கிறது.

நீங்கள் இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் அலுவலகத்தில் அச்சு அசலாக இப்படி ஒருவர் இருக்கிறார், அவருக்கு இதை அனுப்ப வேண்டும் என்றுகூட நினைத்திருப்பீர்கள். அனுப்புங்கள். அவரும் இந்நேரம் உங்களை நினைத்துக்கொண்டு உங்களுக்கு அனுப்பியிருப்பார். ஆனால் அனுப்பும்போது மேலே ஒரு வரி எழுதத் தோன்றுமே, விரல் துறுதுறுக்குமே, "நல்லாத்தான் இருக்கு, ஆனா இவர் முன்னாடி எழுதின மாதிரி வரலை" என்று. அதை எழுதுவதற்கு முன் ஒரு விவரம் சொல்லிவிடுகிறேன்.

நான் புரூஃப் பார்க்கிறவன். என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் கட்டுரை இதுதான்.